துரை வீட்டுச் சாமான் வந்த வழி

வெலிங்டன் பிரபு போடிநாயக்கனூருக்கு வந்திருக்கிறார். சும்மா சுற்றிப் பார்க்க வரவில்லை. 1790-ல், கர்னல் ஆர்தர் வெல்லஸ்லியாக, பட்டாளத்தோடு வண்டிப்பெரியாற்றிலிருந்து கிளம்பி, போடிக்கு வந்து, அங்கிருந்து மூணாறு மலையேறி, திருவிதாங்கூரிலிருந்து பின்வாங்கும் திப்பு சுல்தானை மடக்கப் போனாராம். மூணாறு வரலாறு சொல்கிற பலரும் இதை ஒரு வரி விடாமல் சொல்கிறார்கள். அந்த மலையில் கால் வைத்த முதல் வெள்ளைக்காரர் அவர்தானாம். வாட்டர்லூவில் நெப்போலியனை வீழ்த்தியவர் நம்ம போடியில் நின்று தண்ணீர் குடித்திருப்பார் என்று நினைத்தால் யாருக்குத்தான் புல்லரிக்காது?

கொஞ்சம் பொறுங்கள். 1790-ல் வெல்லஸ்லிக்கு வயது 21. ஆள் இருந்தது டப்ளினில். கர்னலும் இல்லை, வெறும் லெப்டினன்ட். அயர்லாந்து வைஸ்ராய்க்கு ஏ.டி.சி. உத்தியோகம், அதாவது விருந்துகளில் விறைப்பாக நிற்பது. அதே ஆண்டில்தான் ட்ரிம் என்ற ஊருக்கு எம்.பி. ஆனார். மிச்ச நேரத்துக்கு வயலினும் சீட்டுக்கட்டும் இருந்தன. இந்தியாவில் அவர் கப்பலை விட்டு இறங்கியது 1797-ல், அதுவும் கல்கத்தாவில். போடி மலையில் திப்புவைத் துரத்தியதாகச் சொல்லப்படும் நேரத்தில், டப்ளினில் கடன் கொடுத்தவர்கள் அவரைத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

இந்தப் புளுகை யார் முதலில் விட்டார்கள் என்று தேடிக் கோபப்பட வேண்டாம். புது வீட்டுக்குக் குடிவந்தவர்கள் செய்கிற வேலைதான். 'நாங்கள் வருவதற்கு முன்னால் இந்த இடத்தில் ஒரு பெரிய மனிதர் தங்கியிருந்தார்' என்று சொன்னால் வீட்டுக்கு ஒரு மதிப்பு. முன்னால் இருந்தவர்கள் மலைவாசிகளான முதுவர்கள் என்று சொன்னால் மட்டும் மதிப்பு வராதாக்கும்!

உண்மையில் முதலில் ஏறியவர்கள் அவர்கள்தான். மதுரைக்கு ஒரு கெட்ட காலம் வந்தபோது மீனாட்சி அம்மன் சிலையை முதுகில் சுமந்துகொண்டு மலையேறினோம் என்பது முதுவர்களின் வாய்மொழி வரலாறு. அடுத்து, மலைக்கு உரிமை கொண்டாடிய பூஞ்சாறு ராஜ குடும்பம். அவர்களும் தங்களை மதுரைப் பாண்டியர் வழி என்றுதான் சொல்லிக்கொள்வார்கள். கம்பம் பள்ளத்தாக்கு வழியாகத்தான் மேற்கே போனோம் என்பது அந்தக் குடும்பத்து ஐதீகம். மதுரையில் ஒரு பிரச்சினை என்றால் நேராக நம்ம மலையில் ஏறிவிடுவது அந்தக் காலத்திலேயே பழக்கமாகியிருக்கிறது. மதுரைக்காரர்கள் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் அதைத்தான் செய்கிறார்கள்.

வெள்ளைக்காரர்கள் நிஜமாகவே வந்து சேர்ந்தது 1877-ல். டர்னர் என்று அப்பா ஒருவர், அம்மா வேறான இரண்டு சகோதரர்கள். அதில் ஹென்றி டர்னர் மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி. வேட்டைக்காக வந்தார்கள். மலையையும் மேகத்தையும் பார்த்து மயங்கிப்போனார்கள். கண்ணன் தேவன் என்ற ஊர்த்தலைவர் அவர்களை உபசரித்தார் என்றும், மலைக்கும் பின்னால் அதன் தேயிலைக்கும் அவர் பெயரே நின்றுவிட்டது என்றும் ஒரு கதை உண்டு. கதை நிஜமென்றால், உலகத்திலேயே அதிகமாகக் கொதிக்க வைக்கப்பட்ட பெயர் அவருடையதுதான். ராயல்டி கிடைத்ததாக எந்தக் கதையிலும் இல்லை.

இடம் பிடித்துப்போனால் அடுத்து புரோக்கர் வேண்டுமே? ஜான் டேனியல் மன்றோ வந்து சேர்ந்தார். திருவிதாங்கூர் அரசில் ஏலமலைக்கு சூப்பரின்டென்டென்ட். 1877 ஜூலை 11 அன்று பூஞ்சாறு ராஜாவிடம் குத்தகைப் பத்திரம் வாங்கினார். பரப்பு 227 சதுர மைல். வருஷ வாடகை 3,000 ரூபாய். அட்வான்ஸ் 5,000 ரூபாய்.

இந்தக் கணக்கை நான் கொஞ்சம் ரசித்துப் போட்டுப் பார்த்தேன். 227 சதுர மைல் என்றால் சுமார் 1,45,000 ஏக்கர். ஒரு ஏக்கருக்கு ஒரு வருஷத்துக்கு நான்கு தம்பிடிகூட முழுசாகத் தேறவில்லை. 'அடடா, ராஜா ஏமாந்துவிட்டாரே' என்று உச்சுக்கொட்டப் போகிறீர்களா? அட்வான்ஸைப் பாருங்கள். மாச வாடகை 250 ரூபாய் ஆகிறது. அட்வான்ஸ் அதைப்போல 20 மடங்கு! சென்னை ஹவுஸ் ஓனர் பத்து மாச அட்வான்ஸ் கேட்டால் பொருமுகிறோம். அதில் டபுள் வாங்கிய மகான் 1877-லேயே இருந்திருக்கிறார். தண்ணீருக்குத் தனிக் காசு கேட்டாரா என்பதுதான் பத்திரத்தில் பார்க்க வேண்டியது.

வாடகைக்குப் பிடித்தாயிற்று. குடிபோவது எப்படி? அங்கேதான் நம்ம போடி வருகிறது. வீடு திருவிதாங்கூரில், வாசல் மதுரை ஜில்லாவில். அரிசி, உப்பு, தகரம், கட்டில், சாராயம், குடும்பம், குழந்தை எல்லாம் போடிநாயக்கனூருக்கு வந்து, குரங்கணி வழியாகச் செங்குத்தாக மேலே போக வேண்டும். பக்கத்தில் ரயில் என்றால் அம்மையநாயக்கனூர், இன்றைய கொடைக்கானல் ரோடு. அங்கிருந்து போடி வரைக்கும் மாட்டுவண்டி. போடிக்கு மேலே பொதிமாடும் தலைச்சுமையும். துரைமார் குதிரையில் போனார்கள், வழி விட்டால். துரைசானிகளை நாற்காலியில் உட்கார வைத்துத் தூக்கிப் போனார்கள். சாம்ராஜ்யத்தைத் தோளில் சுமந்தார்கள் என்று ஆங்கிலேயர்களைப் பற்றி எழுதுவது உண்டு. தோள் யாருடையது என்று கேட்க மறந்துவிடுவார்கள்.

அந்தத் தோள்கள் கங்காணிகள் திரட்டிக்கொண்டு வந்தவை. மதுரை, திருநெல்வேலிச் சீமைக் கரிசலிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்தார்கள். அவர்களுக்கும் அது புது வீடுதான். பங்களா இல்லை, லயம்; வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை அறைகள். துரை வீட்டுச் சாமானை மேலே கொண்டுபோய் வைத்துவிட்டு, தங்கள் வீட்டுச் சாமானை அவர்கள் வைக்க அதிக நேரம் ஆகியிருக்காது. இருந்தது ஒரு மூட்டை.

இதில் சிரிக்க முடியாத ஒரு குடிபுகலும் உண்டு. ஹென்றி நைட் என்ற மேனேஜரின் புது மனைவி எலினார் இசபெல் மே. வயது 24. வந்த சில நாளில், ஒரு குன்றைக் காட்டி, நான் செத்தால் என்னை இங்கே புதையுங்கள் என்று விளையாட்டாகச் சொன்னதாகச் சொல்வார்கள். 1894 டிசம்பர் 23 அன்று காலராவில் போய்விட்டார். அதே குன்றில் புதைத்தார்கள். மூணாறில் முதலில் கல்லறை வந்தது. அதன் கீழே சர்ச் கட்ட இன்னும் பதினாறு, பதினேழு வருஷம் ஆனது.

சரி, வந்தவர்கள் என்ன பயிர் செய்தார்கள்? தெரிந்ததையெல்லாம். காப்பி, சிங்கோனா, கற்றாழை நார், ஏலம் என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். 1880-ல் ஷார்ப் என்றொருவர் பார்வதி எஸ்டேட்டில் ஐம்பது ஏக்கர் போலத் தேயிலை போட்டார். அது நிலைத்துவிட்டது. 1897-ல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொட்யூஸ் கம்பெனி பிறந்தது. இப்போது பிரச்சினை தலைகீழாகிப் போயிற்று. இத்தனை நாளாக மேலே ஏற்றத் திணறினார்கள். இனி கீழே இறக்கத் திணற வேண்டும்.

கம்பெனியை நடத்திய ஸ்காட்லாந்துக்காரர்களுக்கு இதுபோன்ற நேரத்தில் இயந்திர ஆசை பீறிட்டுக்கொண்டு வரும். நீராவியைக் கண்டால் சாமியைக் கண்ட மாதிரி. ஆனால் முதல் திட்டம் மாடு. 1902-ல் மூணாறிலிருந்து மலை விளிம்பு வரை வண்டிப்பாதை வெட்டினார்கள். வெளியூர்களிலிருந்து 500 மாடுகளை வரவழைத்தார்கள். அவற்றைப் பார்த்துக்கொள்ள இங்கிலாந்திலிருந்து ஒரு கால்நடை டாக்டர், அவருக்குக் கீழே இரண்டு வெள்ளைக்கார அசிஸ்டென்ட்கள்! அந்த டாக்டர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளை நினைத்துப் பார்க்கிறேன். நம்ம பக்கத்து மாட்டுக்கு இங்கிலீஷில் 'நாக்கை நீட்டு' என்று சொல்லியிருப்பார். மாடு நம்ம பக்கத்துக் கால் மொழியில் பதில் சொல்லியிருக்கும்.

அதே 1902-ல்தான் கம்பெனி தன் மேதாவிலாசத்தின் உச்சியைத் தொட்டது. மோனோரயில்!

கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படியுங்கள். சென்னைக்கு மோனோரயில் வரப்போகிறது என்று 2011-ல் அறிவித்தார்கள். வழித்தடம் எல்லாம் பேப்பரில் வந்தது, ரயில் மட்டும் வரவில்லை. மூணாறில் அதற்கு 109 வருஷம் முன்னாலேயே ஓடிவிட்டது. ஈவிங் என்ற ஆங்கிலேயர் கண்டுபிடித்த முறை. சாலை ஓரமாக ஒற்றைத் தண்டவாளம். வண்டியின் அடியில் இருக்கும் சின்னச் சக்கரங்கள் அதன்மேல் உருளும். பாரத்தில் பெரும்பகுதி அதில். வண்டி சாய்ந்துவிடாமல் இருக்க, பக்கவாட்டில் கையை நீட்டினாற்போல் ஒரு சட்டம்; அதன் நுனியில் பெரிய சக்கரம், சாலையில் உருண்டுவரும். தண்டவாளச் செலவு பாதி. இரும்பின்மேல் இரும்பு உருள்வதால் இழுப்பது சுலபம். பாட்டியாலா மகாராஜா இதே முறையில் ரயில் விட்டுப் பெருமையடித்துக்கொண்டது 1907-ல். அவருடைய இன்ஜினை டெல்லி ரயில் மியூசியத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். நாம் ஐந்து வருஷம் சீனியர்.

எல்லாம் சரி, அந்த மோனோரயிலை எது இழுத்தது? அதே மாடுதான். நீராவி யுகத்தின் நவீன அதிசயத்துக்கு முன்னால் போடப்பட்ட நுகத்தடி மட்டும் ஆதிச்சநல்லூர் காலத்து மாடல். மாட்டின் பார்வையில் யோசித்தால் இதில் புதுசாக எதுவும் நடக்கவில்லை. முன்னால் வண்டி இழுத்தது, இப்போதும் இழுக்கிறது, இடையில் சில துரைமார் கைகுலுக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

மாடு இழுத்து வந்த தேயிலைப் பெட்டி மலை விளிம்பில் வந்து நிற்கும். அதற்கப்புறம் பூமியே கிடையாது. ஆயிரம் மீட்டருக்கு மேல் சடாரென்று இறக்கம். கீழே கொட்டகுடி, தூரத்தில் போடி. அங்கேதான் ரோப்வே. ஐந்து கிலோமீட்டர் நீளத்துக்குக் கம்பி கட்டி, பெட்டிகளைத் தொங்கவிட்டுக் கீழே அனுப்பினார்கள். கீழே வண்டிமாடு காத்திருந்து, பதினைந்து கிலோமீட்டர் போடிக்கு இழுத்துப் போனது. அங்கிருந்து ரயிலடி, துறைமுகம், கப்பல், லண்டன். லண்டனில் ஒரு சீமாட்டி கோப்பையைத் தூக்கி 'என்ன மணம்' என்பாள். இருக்காதா பின்னே? எத்தனை மாடு பட்ட பாடு!

எனக்கு ரொம்ப நாளாக ஒரு சந்தேகம். அந்த ரோப்வேக்கான கம்பியும் கப்பியும் இரும்புத் தூணும் மேலே எப்படிப் போயிருக்கும்? ரோப்வேயில் போயிருக்க முடியாது.

கம்பம் பள்ளத்தாக்கின் தெற்குக் கோடியில் பெரியாற்று அணைக்கும் இப்படிக் கூடலூர் அடிவாரத்திலிருந்து மேலே கம்பிவடம் கட்டித்தான் சாமான் ஏற்றினார்கள் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். ஆனால் அந்த அணையைக் கட்டிய கர்னல் பென்னிகுவிக் விஷயத்தில் நான் ஒரு வார்த்தை எகத்தாளமாகப் பேச மாட்டேன். அவர் பிறந்த ஜனவரி 15-க்குப் பொங்கல் வைக்கிற ஊர்களில்தான் நான் சோறு தின்றாக வேண்டும். வெலிங்டனை என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். அவர் பெயரில் தேனியில் பஸ் ஸ்டாண்ட் கிடையாது.

ரோப்வேயின் மேல் முனைக்கு டாப் ஸ்டேஷன் என்று பெயர். கீழ் முனைக்கு பாட்டம் ஸ்டேஷன். பெயர் வைக்கும் விஷயத்தில் கம்பெனி கற்பனையை வீணாக்கவில்லை. நடு மலையில் ஒரு குக்கிராமம் இருக்கிறது. அதற்கு சென்ட்ரல் ஸ்டேஷன். பிளாட்பாரம், டீக்கடை, போர்ட்டர், ரயில் எதுவும் இல்லாத சென்ட்ரல். பக்கத்தில் முதுவாக்குடி. ஆதார் கார்டில் 'சென்ட்ரல் ஸ்டேஷன், தேனி மாவட்டம்' என்று பார்த்த பேங்க் கிளார்க், ஆளை ஒரு தரம் மேலும் கீழும் பார்ப்பதில் வியப்பில்லை.

இன்னொன்று கேளுங்கள். டாப் ஸ்டேஷன் இருப்பது தமிழ்நாட்டில், நம்ம தேனி மாவட்டம், கொட்டகுடி ஊராட்சி. கொட்டகுடியிலிருந்து அண்ணாந்து பார்த்தால் தெரிகிற ஊர். நடந்தால் போகலாம். காரில் போக வேண்டுமென்றால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, மூணாறு போய், அங்கிருந்து வளைந்து வளைந்து மறுபடி தமிழ்நாட்டுக்குள் வர வேண்டும். நூறு கிலோமீட்டர் பக்கம். அந்தக் காலத்தில் தேயிலைப் பெட்டி ஐந்து கிலோமீட்டரில் இறங்கியது. ஜனநாயகம் வந்தபிறகு ஓட்டுப்பெட்டி ஊரைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறது.

கம்பெனிக்கு மாட்டு மோனோரயில் சீக்கிரமே அலுத்துவிட்டது. 1908-ல் அதைப் பெயர்த்துவிட்டு இரண்டடி அகலப் பாதை போட்டார்கள். இந்த முறை நிஜமான நீராவி இன்ஜின், சின்னதாக, புகை கக்கிக்கொண்டு. மூணாறு, மாட்டுப்பட்டி, பாலாறு என்று ஸ்டேஷன்கள். குண்டளை பள்ளத்தாக்கு ரயில்வே என்று கம்பீரமான பெயர். குன்றும் ஓடையும் பனியுமாக, முப்பது கிலோமீட்டர் சொச்சம் அந்தப் பொம்மை ரயில் போனது. துரைமார் குடும்பத்தோடு அதில் ஏறி உட்கார்ந்த காட்சியை நினைத்தால் பொறாமையாகத்தான் இருக்கிறது. உலகத்தில் எத்தனை பேருக்கு வீட்டுத் தோட்டத்தில் சொந்தமாக ரயில் ஓடும்?

இயந்திர மோகம் அத்தோடு அடங்கவில்லை. ஆலையில் 1905-ன் ரோட்டர்வேன், தேயிலையை நசுக்கி உருட்டுவதற்கு. பின்னால், அருவித் தண்ணீரில் மின்சாரம் எடுக்க பெல்டன் சக்கரம். 1913-ல் நம்ம நாசரேத்து தொழிற்பள்ளியில் செய்த கருங்கல் சூரியக் கடிகாரம் ஒன்று. நல்லதண்ணி எஸ்டேட் மியூசியத்தில் இவற்றை இன்றும் பார்க்கலாம். சூரியக் கடிகாரத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்று யோசித்தேன். ஜூனில் பிடிக்கிற மழை ஆகஸ்டிலும் விடாத ஊர். மிச்ச நாளில் மூடுபனி. அந்த ஊருக்கு வெயிலில் மணி காட்டும் கருங்கல்லை விற்ற நாசரேத்துக்காரர் யாரோ, அவர்தான் இந்தக் கதையிலேயே பெரிய வியாபாரி.

1924 ஜூலையில் அந்த மழைதான் கணக்கை முடித்தது. மலையாளிகள் கொல்லம் ஆண்டை வைத்துத் தொண்ணூற்றொன்பது வெள்ளம் என்று இன்றைக்கும் பெருமூச்சோடு சொல்வார்கள். மலை சரிந்தது, ஊர் முழுகியது, பாலங்கள் போயின, குண்டளை ரயில்வே தண்டவாளத்தோடு போயே போயிற்று. திரும்பப் போடவில்லை. மூணாறு ஸ்டேஷன் கட்டடம் கம்பெனி அலுவலகமாகிவிட்டது. ரயிலில் மிஞ்சியவற்றில் ஒரு சக்கரம் மியூசியத்தில் கிடக்கிறது. இழுத்த மாடுகளில் ஒன்றுக்காவது அங்கே ஒரு படம் மாட்டியிருக்கலாம்.

இதற்கப்புறம்தான் விதி தன் நகைச்சுவையைக் காட்டியது. மேலே ரயில் அழிந்து நான்கே வருஷத்தில், 1928-ல், மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது! இருபத்திரண்டு வருஷமாக மலை உச்சியில் மாடோ நீராவியோ எதுவோ ஒன்று தண்டவாளத்தில் இழுத்துக்கொண்டிருந்தது. கீழே போடியில் மாட்டுவண்டி. கீழே தண்டவாளம் வந்தபோது மேலே வெறும் சேறு. இரண்டு ரயிலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. ஜாதகத்தில் ஏதோ தோஷம்.

போடி ரயிலாவது நிலைத்ததா? இரண்டாம் உலகப் போர் வந்தது. தண்டவாள இரும்பு யுத்தத்துக்கு வேண்டும் என்று பெயர்த்துக்கொண்டு போனார்கள். போடிக்காரர்கள் ஹிட்லரை நேரில் பார்த்ததில்லை; ஆனால் அவரால் மதுரைக்குப் பஸ்ஸில் நின்றுகொண்டு போனார்கள். 1950-களில் திரும்பப் போட்டார்கள். 2010 டிசம்பர் 31-ல் அகலப்பாதை ஆக்குகிறோம் என்று மறுபடி நிறுத்தினார்கள். பல் தேய்த்துவிட்டு வருகிறேன் என்று போன மாப்பிள்ளை மாதிரி, தேனிக்கு 2022 மே மாதத்தில் வந்தது. போடிக்கு 2023 ஜூன் 15-ல். தொண்ணூறு கிலோமீட்டர் பாதையை அகலப்படுத்தப் பன்னிரண்டரை வருஷம். பென்னிகுவிக் அணையைக் கட்டவே எட்டு வருஷம்தான் எடுத்துக்கொண்டார் என்று டீக்கடையில் ஒரு பெரியவர் சொன்னார். நான் எதுவும் சொல்லவில்லை. நான்தான் கர்னலைப் பற்றிப் பேச மாட்டேன் என்று சொன்னேனே.

இப்போது போடியிலிருந்து வாரம் மூன்று நாள் சென்னைக்கு நேர் ரயில். ஏலக்காய் வியாபாரி ராத்திரி ஏறிப் படுத்தால் காலையில் சென்ட்ரலில் எழுந்திருக்கலாம். பிளாட்பாரம் உள்ள சென்ட்ரல்.

இதைப் பார்த்துப் பொருமுகிறவர்கள் கம்பத்துக்காரர்கள். திண்டுக்கல்லிலிருந்து லோயர் கேம்ப் வரைக்கும் ஒரு ரயில் வேண்டும் என்று அவர்களும் எத்தனையோ வருஷமாக மனு, மறியல், உண்ணாவிரதம் என்று பார்த்துவிட்டார்கள். செலவு கட்டுப்படியாகாது என்பதுதான் பதிலாக இருந்தால், என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. தண்டவாளம் ஒன்று போதும், சாலை ஏற்கெனவே இருக்கிறது. தேவாரம் பக்கம் மலைமாடு கேட்டால் கிடைக்கும். இங்கிலாந்திலிருந்து டாக்டரும் வேண்டாம். நம்ம மாடு நம்ம டாக்டருக்கே உதை கொடுக்கும்.